பன்னிரண்டு சென்டிமீட்டர் பட்டை

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியலிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. மழை என்று சொல்லும் அளவுக்கு அது வலுக்கவும் இல்லை. நின்றுவிட்டது என்று குடையை மடக்கும் அளவுக்கு ஓயவும் இல்லை. சாரல் உள்ளே வராமலிருக்க நான்காம் வகுப்பின் மூன்று சன்னல்களையும் சாத்தி, நான்கு குழல்விளக்குகளையும் போட்டேன். அவற்றுள் ஒன்று கண்சிமிட்டியது. அதை அணைத்துவிட்டு, முப்பத்திரண்டு வினாத்தாள்களை இருமுறை எண்ணி, முப்பத்திரண்டு மேசைகளில் எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி வைத்தேன்.

ஆண்டிறுதித் தேர்வுக்கு மூன்று பகுதிகள்: இலக்கணம், வாசிப்பு, பின்னம். ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். எந்தப் பகுதியிலாவது பத்துக்குக் கீழே போன குழந்தை அடுத்த ஆண்டும் நான்காம் வகுப்பிலேயே உட்காரவேண்டும். இது பள்ளியின் விதி. நான் செய்தது அன்று. நான் செய்தது வினாத்தாள் மட்டும். ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவற்றில் ஓர் எழுத்துப்பிழையை, ஓர் ஒற்றுப்பிழையை எவரும் இதுவரை காட்டியதில்லை.

இலக்கணமும் வாசிப்பும் முந்தைய நாளே முடிந்திருந்தன. அன்று பின்னம்.

மூன்றாம் வரிசையில் சன்னலோரம் இருந்த சிறுமியை வகுப்பு ‘ஸ்கேல்’ என்று அழைத்தது. அவளுடைய அம்மா கடைத்தெருவில் கண்ணாடி வெட்டி, படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். அந்தக் கடையிலிருந்து வந்த முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் அவள் பையில் அடங்காமல் எப்போதும் வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். பிப்ரவரி முழுவதும் பயிற்சிப் புத்தகத்திலிருந்த ஐந்து பட்டைகளை வைத்துத்தான் பின்னம் பழகினோம். பட்டையை அளக்கவேண்டும், அதன் அரைப் பாகம் எவ்வளவு, முக்கால் பாகம் எவ்வளவு என்று எழுதவேண்டும். இரண்டாம் வாரத்திலேயே வகுப்புக்கு ஐந்து விடைகளும் மனப்பாடம் ஆகிவிட்டன. பன்னிரண்டு சென்டிமீட்டர் பட்டை, முக்கால் பாகம், ஒன்பது. கேள்வி முடிவதற்குள் விடை வரும். ஸ்கேல் மட்டும் நாள்தோறும் அளந்தாள். அதனால் நாள்தோறும் கடைசியாக முடித்தாள்.

ஒருநாள் பொறுமையிழந்து கேட்டேன்: “நேத்து அளந்த பட்டை இன்னைக்கு வளர்ந்துடுமா?”

“தெரியல டீச்சர். அளந்தாத்தானே தெரியும்.”

“ஸ்கேலுக்கு வாய் மட்டும் முப்பது சென்டிமீட்டர் டீச்சர்!” என்றாள், கடைசி வரிசையிலிருந்து நெட்டை. வகுப்பு சிரித்தது. நெட்டை மற்றவர்களைவிட ஒரு வயது பெரியவள். முந்தைய ஆண்டும் இதே வகுப்பில், இதே இடத்தில் உட்கார்ந்திருந்தவள். அந்த ஆண்டு தேர்ச்சி பெறாதவள் அவள் ஒருத்திதான்.

தேர்வு தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். ஸ்கேல் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், பட்டை குட்டையா இருக்கு.”

“எந்தப் பட்டை?”

“எல்லாப் பட்டையும்.”

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சன்னலுக்கு வெளியே தூறல் ஓடுகளில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் என் நாற்காலியிலிருந்து எழவில்லை.

“தேர்வுல சந்தேகம் கேக்கக் கூடாது. கேள்வியை ரெண்டு தடவை நிதானமா வாசி. வாசிச்சா புரியும்.”

அவள் வாசித்தாள். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ‘கீழுள்ள பட்டையை அளந்து, அதன் முக்கால் பாகத்தின் நீளத்தை எழுதுக.’ காற்புள்ளியில் நின்று, மீண்டும் தொடங்கி, முற்றுப்புள்ளியில் முடித்தாள். பிறகு அளவுகோலை வைத்து மறுபடி அளந்தாள். பிறகு எழுதினாள்.

*

நான் விடைத்தாள் திருத்தும் முறையைச் சொல்லவேண்டும். ஒரு குழந்தையின் தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை நான் திருத்துவதில்லை. முதல் வினாவை முப்பத்திரண்டு தாள்களிலும் திருத்துவேன். பிறகு இரண்டாம் வினாவை. யாருடைய தாள் என்று பார்க்க நேரம் இருக்காது. அதனால் இரக்கமோ எரிச்சலோ குறுக்கே வராது. இந்த முறையைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை பேசியும் இருக்கிறேன்.

அளந்து எழுதும் ஐந்து வினாக்கள், பயிற்சிப் புத்தகத்திலிருந்த அதே ஐந்து பட்டைகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். ஐந்து சுற்றுகளிலும் ஏதோ ஒரு தாளில் விசித்திரமான விடை வந்தது. ஐந்து என்று இருக்கவேண்டிய இடத்தில் 4 செ.மீ. 5 மி.மீ. ஒன்பது என்று இருக்கவேண்டிய இடத்தில் 8 செ.மீ. 1 மி.மீ. ஐந்து முறையும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். அவை ஐந்தும் ஒரே தாள் என்பது கூட்டும்போதுதான் தெரிந்தது. மற்ற வினாக்களில் பத்துக்கு எட்டு; இவற்றில் பத்துக்குச் சுழியம். மொத்தம் எட்டு. தேர்ச்சிப் பட்டியலில் சிவப்பு மையால் எழுதப்பட்டது ஸ்கேலின் பெயர் மட்டும்தான்.

மார்ச் முப்பது, திங்கட்கிழமை, அவளுடைய அம்மா தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார். தூறல் போய் வெயில் வந்திருந்தது. வலக்கை ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். நாற்காலியில் உட்காருமுன் மேசையின் மேல் பரப்பியிருந்த கண்ணாடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“இதை யாரு வெட்டினது? ஓரம் தேய்க்காம விட்டிருக்காங்க. என்னைக்காவது உங்க கையைக் கிழிச்சிடும்.”

“அதை அப்புறம் பாப்போம்மா,” என்றார் தலைமையாசிரியை. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. குழந்தை அதே வகுப்புல தொடர்றதுக்குச் சம்மதம்னு.”

“ஒரு வருஷம் முழுசாவா?”

“ஒரு வருஷம்தாம்மா. அடித்தளம் பலமா இருக்கட்டுமே.”

“படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேங்க. அவ எழுதின தாளைக் காட்டுங்க.”

தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு சிவப்புக் குறியிலும் நின்று நின்று பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து சுருள் டேப்பை எடுத்து, அதன் நாக்கை முதல் பட்டையின் விளிம்பில் பதித்து இழுத்தார்.

“டீச்சர், இந்தப் பட்டை எவ்வளவு?”

“பன்னிரண்டு சென்டிமீட்டர்.”

“பத்து எட்டு வருதே.”

“என்னது?”

“பத்து சென்டிமீட்டர், எட்டு மில்லி. அதுல முக்கால்னா எட்டு ஒண்ணு. எட்டு ஒண்ணுன்னுதானே எம்பொண்ணு எழுதியிருக்கா?”

முதலில் நான் சந்தேகித்தது அவருடைய டேப்பை. என் அளவுகோலை எடுத்து அளந்தேன். பத்து எட்டு. அடுத்து என் அளவுகோலைச் சந்தேகித்தேன். தலைமையாசிரியையின் மேசையிலிருந்த மர அளவுகோலை வாங்கி அளந்தேன். பத்து எட்டு. கோப்பிலிருந்து நான் கையால் வரைந்த மூலத்தாளை எடுத்தேன். அதில் பன்னிரண்டு. குழந்தைகளுக்குப் போன பிரதியில் ஐந்து பட்டைகளும் பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருந்தன. ஸ்கேல் எழுதிய ஐந்து விடைகளும் அவள் மேசையிலிருந்த தாளுக்கு மிகச் சரி.

முதலில் தேறியவர் தலைமையாசிரியை.

“சரி, ஏதோ ஆயிடுச்சு. பெரிசுபடுத்த வேண்டாம். கருணை மதிப்பெண் ரெண்டு போட்டுடறேன். பத்து ஆயிடும். பாஸ். சந்தோஷமாம்மா?”

“இல்லைங்க.”

“ஏம்மா? பொண்ணு பாஸாகிறா.”

“தப்புப் பண்ணாத புள்ளைக்கு எதுக்குங்க கருணை?” அவர் குரலை உயர்த்தவில்லை. “கண்ணாடி சட்டத்துல உக்காரலைன்னா ஒண்ணு கண்ணாடி தப்பு, இல்ல சட்டம் தப்பு. எதுன்னு பாக்கணும். பாவம்னு சொல்லி உள்ள தள்ளினா உடைஞ்சிடும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து பட்டை குட்டையா இருந்துச்சும்மான்னு அழுதா. நான் நம்பலை. டீச்சர் போட்ட கோடு குட்டையா இருக்குமாடின்னு திட்டினேன். கருணைன்னு எழுதினா, அவ மறுபடி எதை நம்புவா? எந்தத் தாள் தப்புன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

அவர் எழுந்து போனார். ஒப்பம் இடாத படிவம் மேசையில் கிடந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்தார்.

“ஏப்ரல் பத்து, வெள்ளிக்கிழமை. அன்னைக்குச் சாயங்காலம் பட்டியல் மேலிடத்துக்குப் போகுது. அதுக்குள்ள இது முடியலைன்னா சிவப்பு சிவப்பாவேதான் போகும். அந்தப் புள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. சொல்லிட்டேன்.”

*

பிரதி எடுக்கும் இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதை ஓட்டுகிற அலுவலக உதவியாளரை எல்லோரும் ‘ஜெராக்ஸ் அண்ணன்’ என்போம். தேநீர்க் குவளையை இயந்திரத்தின் மூடிமேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் எடுத்துவிட்டார்.

“அண்ணே, என் வினாத்தாளை எந்த அளவுல எடுத்தீங்க?”

“தொண்ணூறுல டீச்சர்.”

“நூறுல எடுக்கிறதில்லையா?”

“மத்தவங்க தாளெல்லாம் நூறுதான். உங்களுது மட்டும் தொண்ணூறு.”

“யார் சொல்லி?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “நீங்கதான் டீச்சர். ஒண்ணேகால் வருஷம் முன்னாடி, அரையாண்டுத் தேர்வுக்கு, வலது ஓரத்துல ஒரு புள்ளி வெட்டுப்பட்டுப் போச்சுன்னு நாப்பது தாளையும் திருப்பி என் தலையில கட்டினீங்களே, மறந்துட்டீங்களா? ஓரம் ஒரு எழுத்துப் போனாலும் வாங்க மாட்டேன்னீங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு அன்னைலேர்ந்து உங்க தாளைத் தொண்ணூறுல வெச்சு எடுக்கறேன். ஓரம் ஜம்முனு விழுது. அப்புறம் நீங்க ஒரு குறை சொன்னதில்லையே.”

“அப்போ போன வருஷமும்?”

“போன வருஷமும் தொண்ணூறுதான். ஏன் டீச்சர், ஓரம் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கா?”

“இல்லைண்ணே. ஓரம் சரியா இருக்கு.”

வகுப்புக்குத் திரும்பி விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன். இம்முறை வினா வினாவாக அன்றி, குழந்தை குழந்தையாகப் பார்த்தேன். முப்பத்தொரு தாள்களில் ஒன்பது என்று இருந்தது. அவற்றுள் பதினொன்றில், ஒன்பதுக்குக் கீழே தாள் நைந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த எண் தெரிந்தது: எட்டு. அந்தப் பதினொரு குழந்தைகளும் அளந்திருக்கிறார்கள். பிறகு, தங்கள் அளவுகோலைவிட என்னை நம்பி அழித்திருக்கிறார்கள். மீதி இருபது பேர் அளக்கவே இல்லை.

அழிக்காதவள் ஒருத்தி. அவளைத்தான் நான் நிறுத்திவைத்திருந்தேன்.

பழைய தாள்களை மூன்று ஆண்டு வைத்திருப்பது வழக்கம். முந்தைய ஆண்டின் கட்டு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, யாரும் கேட்கவில்லை. எடுத்தேன். நெட்டையின் தாள் கட்டின் கடைசியில் இருந்தது. மில்லிமீட்டர் அவளுக்கு அப்போது சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. முதல் பட்டைக்கு, ‘8 செ.மீ., அப்புறம் ஒரு சின்னக் கோடு’ என்று எழுதியிருந்தாள். அடுத்ததற்கு, ‘நாலரை’. ஐந்து சிவப்புக் குறிகள், என் கையால், ஒரே அளவில், ஒரே சாய்வில். அவளுடைய மொத்தம் ஏழு. அந்தப் பத்தும் சேர்ந்திருந்தால் பதினேழு.

இந்த ஆண்டு நெட்டை பத்தொன்பது வாங்கியிருந்தாள். அவளுடைய ஒன்பதுக்குக் கீழே தாள் நையவில்லை.

மறுநாள் முதல் வேலையாக வெள்ளைத் தாள்களில் வெவ்வேறு நீளத்தில் பட்டைகள் வரைந்து, பிரதி எடுக்காமல், கையாலேயே முப்பத்திரண்டு தாள்கள் தயாரித்துக் கொடுத்தேன். எவரிடமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் பட்டை இல்லை. நெட்டை நொடியில் எழுதி முடித்துக் கை கட்டிக்கொண்டாள்.

“அளக்கலையா?”

“எதுக்கு டீச்சர்? ஒம்போதுதானே.”

“பட்டை வேற நீளமா இருந்தா?”

“இருந்தாலும் நீங்க ஒம்போதுதானே கேப்பீங்க,” என்றாள். குறும்பு ஏதும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற தொனி. அவளுடைய இரண்டு ஆண்டுப் பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்திருந்தது; அதில் நான் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

*

அன்று மாலை வீட்டில் என் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு, ‘வினாத்தாளில் பிழை நேர்ந்துவிட்டது’ என்று தொடங்கியது. யார் செய்தது என்பது அதில் இல்லை. வாக்கியத்தில் செயலைக் கண்டால், செய்தவரைத் தேடு என்று ஆண்டு முழுவதும் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கிழித்தேன். இரண்டாவது வரைவு பிரதி இயந்திரத்தைப் பற்றி அளவுக்கு மிஞ்சி நீண்டது. அதையும் கிழித்தேன். மூன்றாவது இப்படி இருந்தது: ‘வினாத்தாளை நான் தயாரித்தேன். பிரதியை நான் அளந்து பார்க்கவில்லை. தேர்வு நடக்கும்போது ஒரு மாணவி சுட்டிக்காட்டியும் நான் எழுந்து சென்று பார்க்கவில்லை. அளந்து எழுதிய விடைகளைத் தவறு எனக் குறித்தேன்.’ இரண்டாம் பத்தியில் முந்தைய ஆண்டையும் அதே போல எழுதினேன். மொத்தம் ஒரு பக்கம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் மூன்று நாள் வைத்திருந்தார். நான்காம் நாள், சனிக்கிழமை மதியம், அறைக்குக் கூப்பிட்டார்.

“நீங்க வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து பாக்கறேன். என் சுற்றறிக்கையில ஒரு ‘க்’ விட்டுப் போச்சுன்னு சிவப்புல போட்டுத் திருப்பி அனுப்பினவங்க நீங்க.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னைக்கு உங்களைப் பாக்கப் பாவமா இருக்கு. சரி. முதல் பத்தியை ஒத்துக்கறேன். தாள் தப்புன்னே எழுதறேன். ஆனா மத்த முப்பத்தொரு பேரை என்ன பண்றது? அவங்க எழுதினதுதான் தப்புன்னு ஆனா பாதி வகுப்பு தேறாது. ஒருத்தியைக் கரையேத்தப் போய்ப் பதினஞ்சு பேரைத் தள்ளிவிடுவீங்களா?”

“தள்ள வேண்டாம். நான் பழக்கினபடிதான் அவங்க எழுதினாங்க. ரெண்டு விடைக்கும் மதிப்பெண் குடுத்துடலாம்.”

“ரெண்டு விடையும் சரின்னா, கேள்வி தப்புன்னு அர்த்தம்.”

“ஆமாங்க.”

“கேள்வி போட்டவங்களுக்கு அதுக்கான பலன் இருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்போ இதோட நிறுத்திக்குங்க. ரெண்டாவது பத்தியை எடுத்துடுங்க. போன வருஷத்தை இந்த வருஷத்துல திருத்த முடியாது. போன வருஷப் பட்டியல் மேலிடத்துல முத்திரை குத்தி உள்ள போயாச்சு. அதை இதோட சேர்த்துக் கட்டினா விசாரணை, ஆய்வு, பதில், மறுபதில்னு ஆறு மாசம் இழுக்கும். அந்தக் கண்ணாடிக்காரம்மா பொண்ணோட காகிதம் அதுக்கு நடுவுல மாட்டிக்கும். ரெண்டும் ஒரே கல்லைக் கட்டிக்கிட்டு முழுகணுமா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சிக்கல். இரண்டாம் பத்தியை விட்டுவிட்டால் ஸ்கேல் வெள்ளிக்கிழமைக்குள் ஐந்தாம் வகுப்புக்குப் போவாள். விடாமல் பிடித்தால், ஓராண்டை ஏற்கெனவே இழந்தவளுக்காக, இழக்கப்போகிறவளின் ஓராண்டையும் பணயம் வைப்பேன். அப்போதும் நெட்டைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

வீட்டில் இரண்டு இரவுகள் அந்தப் பக்கத்தை வெட்டாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை கத்தரிக்கோலால் வெட்டாமல், புதிதாக எழுதியே பிரித்தேன். முதல் பத்தியைத் தனியாக எழுதி ஒப்பமிட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். இரண்டாம் பத்தியை, பள்ளியின் முத்திரை இல்லாத வெள்ளைத் தாளில், என் பெயரில், நெட்டையின் அப்பாவுக்கு எழுதினேன்.

*

அவர் பேருந்து ஓட்டுநர். புதன்கிழமை பிற்பகல், பணி மாறும் நேரத்தில் பணிமனைக்குப் போனேன். எண்ணெய்க் கறை படிந்த தரையில் வரிசையாக நின்ற பேருந்துகளில் ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

“டீச்சரா! இவ்வளவு தூரம் நீங்க எதுக்கு? மறுபடி ஏதாவது பண்ணிட்டாளா?”

“இல்லைங்க. அவ எதுவும் பண்ணல. இந்த வருஷம் நல்லா தேறிட்டா.”

“அப்பாடா. கும்பிட்ட கை வீண் போகல. இவளுக்குப் பின்னால ஓடி ஓடியே பாதி வயசு போச்சு டீச்சர். உக்காருங்க, படி சுத்தமாத்தான் இருக்கு.”

உட்காராமல் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படிக்கும்வரை நின்றேன். மெதுவாகப் படித்தார். இறுதிவரை போய், மறுபடி தொடக்கத்துக்கு வந்தார். பக்கத்துப் பேருந்தை ஒருவர் பின்னால் எடுத்தார். அதன் மணி விட்டுவிட்டு ஒலித்தது.

“அவ அன்னைக்கே சொன்னா டீச்சர்,” என்றார். “அளந்துதாம்பா எழுதினேன், அப்படித்தாம்பா வந்துச்சுன்னா. தப்புப் பண்ணிட்டு டீச்சர் மேல பழி போடறியான்னு அடிச்சேன். பொய் சொல்லாதேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன்.”

நான் தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் மூன்று இருந்தன. மூன்றும் இலக்கணப்படி சரியானவை. எதையும் சொல்லவில்லை.

“மன்னிச்சிடுங்க,” என்றேன்.

“என்னை எதுக்கு டீச்சர் கேக்கறீங்க. நானும்தான் அவகிட்ட கேக்கணும்.” கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “இதை மேல குடுத்தா அந்த வருஷம் வருமா?”

“வராதுங்க. ஆனா குடுக்கறதா இருந்தா, நான் எழுதினதுதான்னு எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

யாரோ தூரத்திலிருந்து, “அண்ணே, வண்டியை எடு!” என்று கத்தினார்கள். என்னைக் கடந்து போய் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை உடனே கிளப்பவில்லை.

*

ஏப்ரல் பத்து, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. தலைமையாசிரியை தட்டச்சுத் தாளை ஒருமுறை படித்தார், என்னிடம் நீட்டினார்.

“வழக்கம்போலப் பிழை பாருங்க.”

‘பின்னப் பகுதியின் ஐந்து வினாக்களில், பிரதியின் அளவு மூலத்தாளின் அளவிலிருந்து மாறுபட்டிருந்தது. இது வினாத்தாளின் பிழை. மாணவியின் பிழை அன்று. தாளை அளந்து எழுதப்பட்ட விடைகள் சரியென ஏற்கப்படுகின்றன. மாணவி பதினெட்டு மதிப்பெண் பெற்று ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெறுகிறார். ஏனைய மாணவர்களின் மதிப்பெண்களில் மாற்றம் இல்லை. வினாத்தாள் தயாரித்த ஆசிரியை இரண்டு ஆண்டுகளுக்கு அப்பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’

எழுத்தில் பிழை இல்லை. தாளை அவரிடமே திருப்பி நீட்டினேன். அவர் ஒப்பமிட்டார், முத்திரையை மைப்பட்டையில் இருமுறை அழுத்திக் குத்தினார். மேசைக் கண்ணாடியின் ஓரம் அவர் மணிக்கட்டை உரசியது. “ஸ்…” என்று கையை இழுத்துக்கொண்டார்.

“அந்தம்மா சொன்னாங்க,” என்றார், எனக்கா தமக்கா என்று தெரியாமல். “பட்டியலோட ஒரு பிரதியை வெச்சாச்சு. இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க.”

கண்ணாடிக் கடை ஆறடி அகலம். சுவரில் காலிச் சட்டங்கள், பெரியதற்குள் சிறியதாகத் தொங்கின. கம்பளித் துணி விரித்த மேசையில் ஒரு கண்ணாடித் தகடு கிடந்தது. எஃகு அளவுகோலின் ஒரு முனையை ஸ்கேல் இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய அம்மா வெட்டுச்சக்கரத்தை எண்ணெயில் தோய்த்து, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பில் இழுத்தார். பட்டுத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். தகட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி, கீழே அழுத்தினார். கோட்டோடு கோடாக இரண்டாயிற்று. அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

“வாங்க டீச்சர். ஆச்சா?”

“ஆச்சுங்க.”

“என்னன்னு போட்டிருக்கு?”

“தாள் தப்புன்னு போட்டிருக்கு.”

அவர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். வெளிச்சத்தில் தூள் மின்னியது. “கை முழுக்கக் கண்ணாடி. அவகிட்டயே குடுங்க.”

ஸ்கேல் அளவுகோலை வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள். கையை நீட்டவில்லை.

“டீச்சர், அப்போ அன்னைக்குப் பட்டை குட்டைதானே?”

“குட்டைதான். நீ கையைத் தூக்கினப்போ நான் எழுந்து வந்து அளந்திருக்கணும்.”

அவள் விரல்களைப் பாவாடையில் முன்னும் பின்னும் துடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒப்பமிட்ட தாளை அவள் கைகளில் வைத்தேன்.